பால் மில் (ball mill) பேனலில் கான்டாக்டர் ஏன் ஒட்டிக்கொள்கிறது, எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். விருத்தாசலம் பக்கம் ஒரு செராமிக் யூனிட். உருட்டுக் குண்டுகள் போட்டு அரைக்கும் பால் மில், அதற்கு 30 எச்பி மோட்டார். ஸ்டார் டெல்டாவில் (மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் தொடங்கி அப்புறம் முழுசுக்கு மாற்றும் முறை) மில் தூக்காததால், முழு வோல்டேஜையும் நேரடியாகக் கொடுக்கும் டிஓஎல். பேனலில் 40 ஆம்பியர் கான்டாக்டர், 110 வோல்ட் காயில், காயிலுக்கு ஒரு 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர். புதியவர்களுக்காக: காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் அதன் காந்தம் இரும்புக் கருவை இழுத்து, முனைகளை மூடி, மோட்டாருக்கு சப்ளை கொடுக்கும் ஸ்விட்ச்தான் கான்டாக்டர். அரைத்து முடித்ததும் மில்லின் கதவைக் கீழே கொண்டுவர இன்ச்சிங் பட்டனைத் தட்டித் தட்டி உருட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கான்டாக்டர் ஒட்டிக்கொள்கிறது. "80 ஆம்பியர் போட்டால் தீருமா? மாட்டும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

80 போடுவதால் மட்டும் தீராது. உங்கள் பேனல் இப்போது இருக்கும் நிலையில் அது தொல்லையை அதிகமாக்கவும் கூடும். காரணத்தை விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை இன்றைக்கே செய்துவிடுங்கள். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போவதில்லை, எமர்ஜென்சி ஸ்டாப்பும் வேலை செய்யாது. இரண்டும் அதே காயிலைத்தான் அணைக்கின்றன. காயில் அணைந்தாலும் முனைகள் பிரிவதில்லை. கதவைத் திறக்க ஆள் கிட்டே நிற்கும் இயந்திரம் அது. ஆகவே எம்சிசிபியை (பேனலின் மெயின் பிரேக்கரை) அடித்து அணைப்பது எப்படி என்று ஒவ்வொரு ஷிஃப்ட் ஆபரேட்டருக்கும் கையைப் பிடித்துக் காட்டுங்கள். புது பேனல் போடும்போது எமர்ஜென்சி ஸ்டாப்புக்கென்று முன்னால் தொடராக இன்னொரு கான்டாக்டர் வையுங்கள். அந்தச் செலவைக் குறைக்கவே வேண்டாம்.

சரி, ஆம்பியர் கணக்குக்கு வருவோம். கான்டாக்டரின் மேல் ஒரு எண் பெரிதாக இருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னும் சில எண்கள் இருக்கும். ஷ்னைடரின் எல்சி1டி09 என்ற சின்ன கான்டாக்டரை எடுத்துப் பாருங்கள். அதே பொருளுக்கு ஏசி-3 என்றால் 9 ஆம்பியர், ஏசி-1 என்றால் 25 ஆம்பியர். ஹீட்டர் மாதிரி லோடுக்கு 25, மோட்டாருக்கு 9. கடையில் "25 ஆம்பியர் கான்டாக்டர்" என்று வாங்கிவந்து 20 ஆம்பியர் மோட்டாருக்குப் போட்டு எரித்தவர்கள் நிறைய. எந்தக் கம்பெனிப் பொருளானாலும் முதலில் பார்க்க வேண்டியது எந்த வகை வேலைக்கு எத்தனை ஆம்பியர் என்பதைத்தான்.

ஐஇசி 60947-4-1 என்ற தரநிலை இந்த வேலைகளைப் பிரித்துவைத்திருக்கிறது. நமக்கு முக்கியமானவை இரண்டு. சாதாரண கூண்டு மோட்டாரைத் தொடங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் அது ஏசி-3. தட்டித் தட்டி உருட்டுவதும், ஓடும்போதே திருப்பிப் போட்டு நிறுத்துவதும் ஏசி-4. மோட்டார் அதே மோட்டார், கான்டாக்டருக்கு விழும் அடி மட்டும் வேறு.

ஓடும் மோட்டாரை அணைக்கும்போது முனைகள் பிரிப்பது ஓட்ட கரண்ட்டை மட்டுமே, அதாவது உங்களுக்கு 40 ஆம்பியர் சுமார். அதோடு சுழலும் மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டிருப்பதால், பிரியும் முனைகளுக்கு நடுவில் முழு வோல்டேஜ் விழுவதில்லை. ஏசி-3 ஆயுள் சோதனையில் அந்த வோல்டேஜை லைன் வோல்டேஜில் 17 சதவீதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். இன்ச்சிங்கில் மோட்டார் இன்னும் வேகம் எடுக்கவில்லை. ஓட்ட கரண்ட்டைப்போல் ஆறு மடங்கு, உங்கள் மோட்டாருக்கு 240 ஆம்பியருக்கு மேல், போய்க்கொண்டிருக்கும்போதே பிரிக்கிறீர்கள். எதிர் வோல்டேஜும் இல்லை, 415-ம் முழுசாக நிற்கிறது. அங்கே விழும் பொறியும் இங்கே விழும் பொறியும் ஒன்றல்ல. ஏசி-3இல் பத்து லட்சம் முறை அளவுக்கு உழைக்கும் முனைகள் ஏசி-4இல் சில பத்தாயிரம் முறையிலேயே தேய்ந்துவிடும். கம்பெனி காட்டலாக்கில் இதற்கென்றே ஒரு வரைபடம் இருக்கும்: கீழே பிரிக்கும் கரண்ட், பக்கத்தில் எத்தனை முறை. கான்டாக்டர் வாங்குபவர் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.

இப்போது உங்கள் மில்லின் கணக்கு. ஒரு பேட்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தட்டு என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு நாலு பேட்ச். நாளைக்கு 48, 25 வேலை நாள் என்றால் மாதத்துக்கு 1,200, மூன்று மாதத்தில் 3,600. சில பத்தாயிரம் தாங்க வேண்டியது 3,600-லேயே போகிறது. அப்படியானால் வெறும் இன்ச்சிங் தேய்மானம் இதற்குக் காரணம் இல்லை. தேய்மானம் என்றால் முனை மெலிந்து, குழி விழுந்து, கடைசியில் போகும். உங்களுடையது வெல்டு ஆகிறது. வெல்டு ஆக வேண்டுமென்றால் பெரிய கரண்ட் போகும்போது முனைகள் லேசாகத் தொட்டிருக்க வேண்டும், இல்லை துள்ளித் துள்ளி மூட வேண்டும். அந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

என் முதல் சந்தேகம் அந்த 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர்மேல்தான்.

ஏசி காயிலுக்கு இரண்டு பசி உண்டு. இழுக்கும் நேரத்துப் பசி ஒன்று, பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்துப் பசி ஒன்று. இரும்புக் கருவின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கும்வரை காயில் நிறைய கரண்ட் எடுக்கும், மூடியதும் அது பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். 40 ஆம்பியர் அளவுக் கான்டாக்டர் இழுக்கும்போது சுமார் 150 விஏ கேட்கும், பிடிக்க 15 போதும். 80 ஆம்பியர் அளவு என்றால் இழுக்க 200-க்கு மேல். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரோ 100. பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் பார்த்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இழுக்கும்போது அதன் வோல்டேஜ் சரியும்.

அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. கான்டாக்டரின் முனைகள் தொட்ட பிறகும் கரு இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அந்தக் கடைசி நகர்வுதான் ஸ்பிரிங்கை அழுத்தி முனைகளை இறுகப் பிடிக்க வைக்கிறது. முனை தொட்டவுடனே மோட்டார் 250 ஆம்பியர் இழுக்க ஆரம்பித்துவிடும். நீளமான கேபிளின் கடைசியில் இருக்கும் பேனலில் லைன் வோல்டேஜ் சரிகிறது, அதனோடு கன்ட்ரோல் வோல்டேஜும் இன்னும் கொஞ்சம் சரிகிறது. கரு முழுசாகப் போய் உட்காரும் முன்பே காயிலுக்குப் பலம் போதவில்லை. முனைகள் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன, அதன் வழியே 250 ஆம்பியர் போகிறது. வெள்ளிக் கலவை முனை அந்த இடத்தில் உருகுகிறது. அடுத்த கணம் வோல்டேஜ் மீண்டு கரு இறுகும்போது உருகிய வெள்ளியை நசுக்கி ஒட்டவைத்துவிடுகிறது. இந்தப் பேனலில் 80 ஆம்பியர் போட்டால் அதன் காயில் இன்னும் அதிகம் கேட்கும், வோல்டேஜ் இன்னும் சரியும். மோசமாகும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

தரநிலைப்படி கான்டாக்டர் காயில் வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தாலே சுத்தமாக மூட வேண்டும். உங்கள் 110-க்கு அது 93.5 வோல்ட். அதற்குக் கீழே இறங்கினால் கான்டாக்டரைக் குறை சொல்ல முடியாது. குறைந்தபட்சத்தைப் பதிவு செய்யும் மின்-மேக்ஸ் வசதியுள்ள மல்டிமீட்டர் ஒன்று எடுங்கள். காயிலின் ஏ1, ஏ2 டெர்மினல் இரண்டிலும் முன்கூட்டியே வயர் கட்டி வெளியே எடுத்து, பேனல் கதவை மூடிக்கொண்டு மோட்டாரை ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து முறை பாருங்கள், வேலை மும்முரமாக நடக்கும் மதிய நேரத்தில் பாருங்கள். ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இதே மாதிரி நாலு கான்டாக்டர் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டரைக் கட்டினோம். ஸ்டார்ட் செய்யும் முன் 109, ஸ்டார்ட் செய்தபோது பதிவான குறைந்தபட்சம் 84. அங்கிருந்த வயர்மேன் மீட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத்தனை நாளா கான்டாக்டரைத் திட்டிட்டு இருந்தேனே" என்றார். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினோம். அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒட்டவில்லை.

இரண்டாவது சந்தேகம், நம்மூரில் அடிக்கடி காணும் ஒன்று. பவர் ஃபேக்டருக்காக மோட்டார் டெர்மினலிலேயே கெபாசிட்டர் கட்டியிருக்கிறீர்களா? கேள்வியில் அது இல்லை, போய்ப் பாருங்கள். கான்டாக்டருக்குக் கீழே கெபாசிட்டர் இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் அதுவும் சேர்ந்து ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. அணைத்ததும் கெபாசிட்டரில் இருக்கும் வோல்டேஜ் உடனே போய்விடாது. 75 வோல்ட்டுக்கு இறங்கவே மூன்று நிமிடம் வரை தரநிலை அனுமதிக்கிறது. நீங்களோ இரண்டு நொடியில் மறுபடி தட்டுகிறீர்கள். லைன் ஒரு பக்கம், நிரம்பிய கெபாசிட்டர் இன்னொரு பக்கம், நடுவில் மூடும் முனைகள். அந்த ஒரு கணத்தில் போகும் கரண்ட் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டையும் மிஞ்சும். இன்ச்சிங் செய்யும் மோட்டாரில் கெபாசிட்டர் கூடவே கூடாது. அதைக் கழற்றி மெயின் பேனலில், பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏபிஎஃப்சியோடு சேர்த்துவிடுங்கள். அங்கே அதற்கென்று தனி வகை கான்டாக்டர் உண்டு: முதலில் ரெசிஸ்டர் வழியாக மூடி, அப்புறம் முழுசாக மூடும். ஏசி-6பி என்று எழுதியிருக்கும்.

மூன்றாவது, விரல். கதவு சரியான இடத்துக்கு வரும்போது ஆபரேட்டர் பட்டனைத் தொட்டுத் தொட்டு விடுவார். கான்டாக்டர் பாதி மூடுவதற்குள் விட்டுவிடுவார். கன்ட்ரோல் வோல்டேஜ் சரியாக இருந்தாலும் இது தொட்டும் தொடாமலும் வேலைதான். பட்டனைத் தட்டினால் குறைந்தது அரை நொடியாவது கான்டாக்டர் மூடியிருக்கும்படி ஒரு டைமர் வைத்தால் இந்தத் தொல்லை அடங்கும். பழைய பட்டன், ஆடும் டெர்மினல், துள்ளும் லிமிட் ஸ்விட்ச் எல்லாம் காயிலை வெட்டி வெட்டிக் கொடுக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்ச்சிங் சர்க்யூட்டையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். பல பேனல்களில் இன்ச்சிங் பட்டனின் என்சி முனையை (அழுத்தாதபோது மூடியிருப்பது) வைத்து 13-14 ஹோல்டிங்கை (ஸ்டார்ட் பட்டனை விட்ட பிறகும் காயிலைப் பிடித்துவைக்கும் துணை முனையை) வெட்டியிருப்பார்கள். பட்டனைச் சடாரென்று விட்டால், கான்டாக்டர் விழும் முன்பே அந்த என்சி மூடி, ஹோல்டிங் பிடித்துக்கொண்டு மில் ஓட ஆரம்பித்துவிடும். கதவுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இன்ச்சிங்குக்குத் தனி ரிலே போடுங்கள். இல்லையென்றால் செலக்டர் ஸ்விட்ச் வைத்து, இன்ச்சிங் நிலையில் ஹோல்டிங் பாதையே இல்லாதபடி செய்யுங்கள்.

ஒட்டிக்கொள்வது என்று சொல்லும்போது எல்லாமே வெல்டு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, ஆர்க் சூட்டை (முனைகளில் எழும் பொறியை அணைக்கும் மூடியை) கழற்றிப் பாருங்கள். முனைகளைக் கையால் பிரித்தால் சுலபமாக வந்து, மேற்பரப்பில் உருகிய மணிகள் இல்லை என்றால், ஒட்டியது முனை இல்லை, கரு. கருவின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்தால் அப்படி ஆகும். புதிய பெரிய கான்டாக்டர்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் இருக்கும். மாட்டும் முன் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். புஷ் பட்டன் பல நூறு மீட்டர் தள்ளி இருந்தால் வேறொரு வினோதம் நடக்கும்: இரண்டு வயர்களுமே கெபாசிட்டர் மாதிரி ஆகி, ஸ்டாப் அழுத்திய பிறகும் பிடித்துக்கொள்ளப் போதுமான கரண்ட்டைக் காயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். தோட்டத்துக் கிணற்று மோட்டார்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோல் வோல்டேஜைக் குறைத்தாலோ, டிசி காயிலுக்கு மாறினாலோ தீரும். உங்கள் பட்டன் மில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

அப்படியென்றால் என்ன வாங்குவது? 30 எச்பி என்றால் 22 கிலோவாட், அதற்கு 415 வோல்ட்டில் ஓட்ட கரண்ட் 40 ஆம்பியர் சுற்றி வரும். எச்பியை 1.4-ஆல் பெருக்கும் பழைய வழக்கம் 42 என்று கொடுக்கும், ஆனால் நேம் பிளேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. இன்ச்சிங் இல்லாமல் காலையில் ஆன், மாலையில் ஆஃப் என்றாலும் 40 எல்லையை ஒட்டி நிற்கிறது. மோட்டார் புதிய ஐஇ3 (உயர்திறன்) வகையா என்பதையும் பாருங்கள். அவற்றின் ஸ்டார்ட்டிங் கரண்ட் பழையவற்றைவிட அதிகம். அதற்காகவே 2018 பதிப்பில் ஏசி-3இ என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். கான்டாக்டரில் அந்தக் குறி இருந்தால் நல்லது. உங்கள் வேலைக்கு நானாக இருந்தால் ஏசி-3இல் 65 ஆம்பியர் உள்ளதை எடுப்பேன். பிரிக்கும் 250 ஆம்பியர் அதற்கு நாலு மடங்குக்கும் சற்றுக் குறைவுதான். நாளைக்கு ஐம்பது தட்டுக்கு அது தாராளம். வாங்கும் முன் விற்பனையாளரிடம் அந்த ஏசி-4 வரைபடத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் 250 விஏ அல்லது 300 விஏ. கணக்கு எளிது: பேனலில் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாக் காயில்கள், விளக்குகளின் விஏயைக் கூட்டி, அதோடு இழுக்கும் கான்டாக்டர்களில் பெரியதன் இழுக்கும் விஏயைச் சேர்க்க வேண்டும். வாங்கி மாட்டிய பிறகு மறுபடி மீட்டர் கட்டி 93.5-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். லைன் வோல்டேஜே அதிகமாகச் சரியும் இடம் என்றால் எலக்ட்ரானிக் காயில் உள்ள கான்டாக்டருக்குப் போகலாம். ஏபிபியின் ஏஎஃப் வரிசையில் ஒரே காயில் 100 முதல் 250 வோல்ட் வரை ஏற்கும். அதற்குக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. விலை கூடுதல்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் இருந்தால் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ்) போடுவதுதான் இந்த மில்லுக்கு நல்ல வழி. மெதுவாகத் தொடங்கும், மெதுவாக உருட்டிக் கதவை நிறுத்தலாம், கேபிளும் அதிராது. ஒன்றே ஒன்று: விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டர் வைத்து ஓடும்போது திறந்து மூடக் கூடாது.

ஸ்டார் டெல்டா பேனல் கட்டுபவர்களுக்காக ஒரு வரி. அங்கே மெயின், டெல்டா இரண்டுக்கும் ஓட்ட கரண்ட்டில் 58 சதவீதம், ஸ்டாருக்கு 33 சதவீதம். ஓவர்லோடு ரிலே (கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை அணைப்பது) மெயின் கான்டாக்டரின் கீழே வந்தால் அதையும் 58 சதவீதத்தில்தான் வைக்க வேண்டும். இதை மறந்து முழு கரண்ட்டில் வைத்து எரிந்த மோட்டார்கள் ரீவைண்டிங் கடைகளில் வரிசையாக இருக்கும்.

இனி மாட்டும் வேலை. கான்டாக்டர் செங்குத்தான பலகையில் நேராக நிற்க வேண்டும். கரு விழுவதற்குப் புவியீர்ப்பும் ஸ்பிரிங்கும் சேர்ந்து கணக்கிட்டிருப்பார்கள். எத்தனை டிகிரி சாயலாம் என்று கம்பெனி எழுதியிருக்கும். இடமில்லை என்று படுக்கவைத்து மாட்டாதீர்கள். டின் ரெயில் (கான்டாக்டரைக் கவ்வவைக்கும் உலோகப் பட்டை) ஆடினால் கான்டாக்டர் ஒவ்வொரு முறை மூடும்போதும் அதிர்ந்து எல்லா டெர்மினலையும் தளர்த்தும். 65 அளவுக்கு ரெயில் போதும் என்று போட்டிருந்தாலும், மில்லின் அதிர்வு தரையில் தெரியும் இடம் என்றால் நான் ஸ்க்ரூ போட்டே பிடிப்பேன்.

வெப்பம் பெரிய விஷயம். தரநிலை எடுத்துக்கொள்ளும் சுற்று வெப்பம் 40 டிகிரி. விருத்தாசலத்து மே மாதத்தில், சூளைக்குப் பக்கத்தில், மூடிய இரும்புப் பெட்டிக்குள் 40 எங்கே இருக்கும்? வெப்பம் மேலே ஏறும் என்பதால் கான்டாக்டர்களைப் பேனலின் உச்சியில் வைக்காமல் நடுவில் வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் மேலே போகட்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி மாட்டாமல் சில மில்லிமீட்டர் விட்டால் காற்று போகும். ஆர்க் சூட்டுக்கு மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதும் அட்டையில் இருக்கும். வயரிங் டக்ட்டை அதன்மேல் ஒட்டி வைக்காதீர்கள். சூடு தாங்காமல் கதவைத் திறந்துவைத்து எதிரில் பெடஸ்டல் ஃபேன் வைப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். செராமிக் யூனிட்டில் அது மண்ணை உள்ளே ஊதுவதுதான். அந்த மாவுத் தூசு கருவின் முகத்தில் படிந்து உறுமலை உண்டாக்கும். ஃபில்டர் வைத்த ஃபேன் போடுங்கள், மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டுங்கள், கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்டு போட்டு அடையுங்கள்.

வயர் சன்னமாக இருந்தால் கான்டாக்டர் சூடாகும், ஏனென்றால் முனைகளின் வெப்பத்தை வெளியே இழுத்துப் போவதே அந்தச் செம்பு வயர்தான். 50 ஆம்பியர் வரை 10 சதுர மி.மீ., 65 வரை 16 சதுர மி.மீ. என்று சோதனைக்கே எடுக்கிறார்கள். சூடான பேனலில் நான் 16 போடுவேன். பல இழை வயரை அப்படியே டெர்மினலில் சொருகாமல் ஃபெர்ரூல் (வயர் நுனிக்கான உலோகக் குழாய்) போட்டு க்ரிம்ப் செய்யுங்கள். லக்கின் குழாய்க்குள் இன்சுலேஷனும் சேர்ந்து போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியே இறுக்கமாகத் தெரியும், உள்ளே செம்பு பாதிதான் பிடித்திருக்கும். மூன்று ஃபேஸில் ஒன்றில் மட்டும் பிளாஸ்டிக் பழுத்து நிறம் மாறியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அலுமினியக் கேபிள் வந்தால் பைமெட்டல் லக். இறுக்கும் டார்க் அளவு கான்டாக்டரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், டார்க் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். கை அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

பேனலில் துளை போடும் வேலையெல்லாம் கான்டாக்டர் மாட்டும் முன்பே முடிய வேண்டும். ஒரு பேனலில் ஒரே வாரத்தில் இரண்டு காயில் எரிந்தது. வோல்டேஜ் சரி, காயில் சரி. கருவைப் பிரித்தபோது முகத்தில் எள்ளளவு ஒரு இரும்புத் துருவல் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே விளக்குக்காக யாரோ பின்னாளில் துளை போட்டிருக்கிறார்கள். அந்த எள்ளளவு இடைவெளியால் கரு முழுசாக மூடவில்லை. மூடாத கருவின் காயில் இழுக்கும் நேரத்துப் பெரிய கரண்ட்டையே தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும். எரியாமல் என்ன செய்யும்? காயில் எரிந்தால் புதுக் காயில் போடும் முன் கரு ஏன் மூடவில்லை என்று தேடுங்கள். கருவின் முகத்தில் பதித்த செம்பு வளையம் உடைந்திருந்தாலும் கான்டாக்டர் உறுமும். அதைச் சரிசெய்ய முடியாது, மாற்ற வேண்டியதுதான்.

ஓவர்லோடு ரிலேயை நேம் பிளேட் கரண்ட்டில் வையுங்கள். மில் வேகம் எடுக்க எட்டு நொடிக்குமேல் ஆகி, டிரிப் க்ளாஸ் 10 ரிலே விழுந்துகொண்டே இருந்தால் குமிழைத் திருகி ஏற்றாதீர்கள். க்ளாஸ் 20 ரிலே வாங்குங்கள். அது 7.2 மடங்கு கரண்ட்டில் 6 முதல் 20 நொடிக்குள் விழும்படி செய்யப்பட்டது. மேலே இருக்கும் எம்சிசிபி அல்லது ஃபியூஸ், இந்தக் கான்டாக்டர், இந்த ரிலே மூன்றும் டைப் 2 கோஆர்டினேஷன் பட்டியலில் ஒன்றாக இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். டைப் 1 என்றால் ஷார்ட் ஆனபின் ஆளுக்கு ஆபத்து வராது, பொருள் போகலாம். டைப் 2 என்றால் முனை லேசாக ஒட்டினாலும் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். எப்போதாவது கேபிளில் ஷார்ட் அடித்து எம்சிசிபி விழுந்திருந்தால், மறுபடி போடும் முன் கான்டாக்டரைத் திறந்து பாருங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காயில் வேலை செய்யவில்லை என்றதும் ஸ்க்ரூ டிரைவரால் கான்டாக்டரின் நடுவை அழுத்தி மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது. கை அழுத்தம் காயிலின் அழுத்தம் அல்ல. மேலே விளக்கிய அதே அரைகுறைத் தொடுதல்தான், இம்முறை முகத்துக்கு நேராக. ஆர்க் சூட் கழற்றியிருந்தால் தீ முகத்தில்தான் அடிக்கும். கையும் முகமும் வெந்த ஒருவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்திருக்கிறேன். கான்டாக்டர் விழுந்திருக்கிறது என்பதால் கீழே சப்ளை இல்லை என்றும் நம்பாதீர்கள். எம்சிசிபியை அணைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை.

மாட்டி முடித்ததும் மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டு வெறும் கன்ட்ரோலை மட்டும் இருபது முறை இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே "டக்" வர வேண்டும். "டர்ர்" என்று கேட்டால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். அப்புறம் மோட்டாரோடு ஓட்டி மூன்று ஃபேஸ் கரண்ட்டையும் க்ளாம்ப் மீட்டரில் எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒரு வாரம் ஓடியதும் மெயினைப் பூட்டி டெர்மினல்களை மறுபடி டார்க் பாருங்கள்.

முனைகளை ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், வெள்ளிக் கலவை முனை அப்படித்தான் இருக்கும். அரம் போட்டுத் தேய்த்தால் வெள்ளிதான் வீணாகும். உருகிய மணிகள் தெரிந்தால் அந்த 93.5 வோல்ட்டை மறுபடி அளந்து, கிடைத்த எண்ணையும் முனைகளின் படத்தையும் இங்கே போடுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.